வால் பின்னால் உள்ள பாஷை

நான் ஏழாம் வகுப்பை முடிக்கவில்லை. குப்பம் டவுனுக்குப் பக்கத்தில், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் சண்டை போட்டுக்கொள்ளும் ஒரு கிராமம் எங்களுடையது. சொந்த நிலம் கிடையாது. கல் குவாரியில் மூன்று வருஷம் இருந்தேன்; இடது கையில் ஒரு விரலின் நுனி அங்கேயே இருக்கிறது. பிறகு பலமனேரில் தக்காளி மண்டி, பெங்களூரில் ஓட்டல், திருப்பதியில் லாட்ஜ். எந்த இடத்திலும் மூன்று வருஷத்தைத் தாண்டியதில்லை. யாரும் துரத்தவில்லை, நானாகக் கிளம்பிவிடுவேன்.

தாண்டியது ஒரே இடம்தான், வெளிநாட்டில், பிஷ்கெக். மருத்துவம் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு அங்கே மெஸ் நடத்திய ஒருவர் சமையலுக்கு என்னைக் கூட்டிப்போனார். ஐந்து குளிர்காலம் இருந்தேன். பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருந்ததால் நினைத்தபோது கிளம்ப முடியவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்குச் சொந்த பாஷை இருந்தாலும் கடைத்தெருவில் ரஷ்யன்தான் ஓடும். வெங்காயமும் மாவும் வாங்கப் போய் அதைக் கற்றுக்கொண்டேன், கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்தும் படிக்கப் பழகினேன். பேப்பர் இல்லாமல் இரண்டு முறை போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்ததில் மரியாதையான ரஷ்யனும் கொஞ்சம் வந்தது. இங்கிலீஷ் ஏற்கெனவே லாட்ஜில் வந்திருந்தது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்து ஒருநாள் வாத்தியார் வேலை பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

திரும்பி வந்து நாலு வருஷம் அங்கங்கே வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருஷமாகத் திருப்பதியில், கோச்சிங் சென்டர் இருக்கும் தெருவில் ஒரு மெஸ்ஸில் சமைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒருவன் உள்ளே வந்தான். கூடவே ஒரு பெண், ஐந்து வயதுக் குழந்தை. பெண்ணின் முகத்தைப் பார்த்ததுமே எந்த ஊர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் யார் என்றுதான் உடனே பிடிபடவில்லை, இளைத்திருந்தான்.

"அண்ணா! நீ இங்கியா கீற?"

"எங்கியாச்சும் இருக்கணுமில்ல. நீ டாக்டர் ஆயிட்டியா?"

"அங்க ஆயிட்டேன்ணா. இங்க இன்னும் ஆவல."

பிஷ்கெக்கில் ஐந்து வருஷம் என் தயிர்சாதத்தைத் தின்ற பையன். வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்தவர்கள் இங்கே ஒரு பரீட்சை எழுதித் தேறினால்தான் வைத்தியம் பார்க்கலாம். அவன் இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் வரவில்லை. மூன்றாவது முறைக்காகக் கோச்சிங். அந்தப் பெண் அவன் மனைவி, நான் திரும்பி வந்த பிறகு கட்டிக்கொண்டவள், அந்த ஊர்க்காரி, கூடப் படித்தவள் இல்லை, மருந்துக் கடையில் வேலை பார்த்தவள்.

அவள் என்னைப் பார்த்து ரஷ்யனில் வணக்கம் சொல்லிவிட்டு, "பைக்கே" என்றாள். அந்த ஊரில் அண்ணன் முறைக்கு அப்படித்தான் கூப்பிடுவார்கள். தண்ணீர் வைக்க வந்த சர்வர் திரும்பிப் பார்த்தான்.

"பைக்கு எதுனா காணமா மேடம்?"

அன்றிலிருந்து மெஸ்ஸில் எனக்கு அதுதான் பெயர்.

ஒரு வாரம் கழித்து அவன் தனியாக வந்து விஷயத்தைச் சொன்னான். கார்வேட்டிநகரம் பக்கத்தில் அவன் அப்பாவுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு. இத்தனை வருஷமாக மூன்று பேருக்கும் அவர்தான் சோறு போடுகிறார்.

"நைனா சொல்லிட்டாருண்ணா. இந்த வாட்டியும் வரலன்னா நான் துபாய் போய் எதுனா வேலை பாக்கணுமாம். அவளும் கொழந்தையும் அவங்கம்மா ஊருக்குப் போய்டணுமாம்."

"தப்பா சொல்லலியே அவரு."

"தப்பா சொல்லல. ஆனா போனா திரும்பி வருவாளான்னு எனக்கே தெரியல."

ஒரு வழி இருந்தது. சித்தூர் ரோட்டில் கிரானைட் ஏற்றுமதி செய்யும் ஒருவர், ரஷ்யன் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். அவளுக்கு அந்த வேலை கிடைத்தால் யார் கையையும் பார்க்காமல் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம். ஆனால் இன்டர்வியூ இங்கிலீஷில். ஒரு மாசம்தான் இருந்தது.

"அவ நல்லா எழுதுவாண்ணா. யாராவது பேசுனா மட்டும் புரியாது. புட் அப்பு, புட் டவுனுன்னு வந்தா அழுதுடறா. நீ ரஷ்யன்ல வெளக்கி சொல்லிக் குடு."

"தம்பி, நான் ஏழாங்கிளாசு."

"எங்க கோச்சிங் சார் எம்.ஏ. எனக்கு என்ன வந்துச்சு?"

மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை மெஸ்ஸில் ஆள் இருக்காது. அவள் குழந்தையோடு வந்து மூலை மேசையில் உட்காருவாள். கையில் ஒரு புத்தகம், அவள் ஊரில் அச்சிட்டது. இடப்பக்கம் இங்கிலீஷ் மரபுத்தொடர், வலப்பக்கம் ரஷ்யனில் அர்த்தம். பாதி மனப்பாடம் செய்திருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவேன். நாங்கள் ரஷ்யனில் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதல் நாளே புத்தகத்தை மேசையில் போட்டாள்.

"புட்னா வைக்கறது. சரி. புட் ஆன்னா சட்டை போடறது, புட் ஆஃப்னா தள்ளிப் போடறது, புட் அவுட்னா நெருப்பை அணைக்கறது, புட் அப் வித்னா பொறுத்துக்கறது. ஒரே வார்த்தை எப்படி இத்தனை வேலை செய்யும்? இவங்களுக்குப் புது வார்த்தை கண்டுபிடிக்கச் சோம்பேறித்தனமா?"

எனக்கு இலக்கணம் தெரியாது. பிஷ்கெக் பஸ் ஸ்டாண்டில் நின்ற ஞாபகம்தான் உதவியது. ரஷ்யனில் வண்டியில் போவதற்கு ஒரு சொல் உண்டு. அதன் தலையில் ஒரு சின்ன எழுத்தைச் சேர்த்தால் வந்து சேர்ந்தான், இன்னொன்றைச் சேர்த்தால் கிளம்பிப் போய்விட்டான், வேறொன்றைச் சேர்த்தால் போகிற வழியில் எட்டிப் பார்த்தான், இன்னும் ஒன்று சேர்த்தால் வீடு மாறினான். இது தெரியாமல் நான் ஒருமுறை கிளம்பிப் போகிற வண்டிக்கு முன்னால் வந்து சேருகிற ஆளைத் தேடி நின்றிருக்கிறேன்.

"உங்க பாஷையில வால் முன்னாடி ஒட்டுது," என்றேன். "இங்கிலீஷ்ல பின்னாடி தொங்குது. மாடு அதே மாடுதான். வாலைப் பாத்து அடையாளம் தெரிஞ்சுக்கோ."

 அவள் நோட்டில் இரண்டு மாடு வரைந்தாள். முகத்தில் வால் இருக்கிற மாடு ஒன்று, பின்னால் வால் இருக்கிற மாடு ஒன்று. குழந்தை இரண்டுக்கும் கொம்பு வைத்தது.

அதற்குப் பிறகு வேகமாகப் போனது. அடுப்பைப் பற்றவைத்து ஒன்று, குறைத்து ஒன்று, அணைத்து ஒன்று என்று டர்ன் என்ற ஒரே சொல்லுக்கு மட்டும் அடுப்படியிலேயே ஆறு வால் காட்டினேன். பொறுத்துக்கொள்வதற்கு உதாரணம் கேட்டதற்கு அவளே சொன்னாள்: "ஐ புட் அப் வித் மாமியார்." உடனே, "நல்லவங்கதான். ஆனா நான் வடிக்கிற சோத்தை மறுபடி வடிக்கறாங்க," என்று சேர்த்துக்கொண்டாள்.

மரபுத்தொடர்கள்தான் வேடிக்கை. ஒருவனை விளையாட்டாக ஏமாற்றுவதற்கு இங்கிலீஷ்காரன் காலைப் பிடித்து இழுக்கிறான். ரஷ்யன் பேசுகிறவர்கள் காதில் நூடுல்ஸைத் தொங்கவிடுகிறார்கள். நாம் காதில் பூ சுற்றுகிறோம் என்று சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் சர்வர் எழுந்து வந்துவிட்டான். நடக்கவே நடக்காத காரியத்துக்கு அவர்கள், மலைமேல் நண்டு விசில் அடிக்கும்போது நடக்கும் என்பார்கள். புருஷன் எப்போது பாஸாவான் என்று மெஸ்ஸில் யாராவது கேட்டால், ஜன்னல் வழியாகத் திருமலையைக் காட்டி, காதில் கையை வைத்துக் கேட்பதுபோல் நிற்பாள். அவனும் சேர்ந்து சிரிப்பான். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான்.

நான் ஒரு தப்பு செய்தேன். அவள் புத்தகத்தில் காரியம் முடிந்தது என்பதற்கு யாரோ ஒருவருடைய மாமா, செத்துப்போவதற்கு ஒரு வாளியை உதைப்பது, சுலபமான வேலைக்கு ஒரு கேக் துண்டு என்றெல்லாம் இருந்தது. லாட்ஜில் எட்டு நாட்டு ஆட்களுக்குப் பெட்டி தூக்கிய நான் இதில் பாதியைக் கேட்டதில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, "இது இங்க ஓடாது, இதுவும் ஓடாது," என்று அடித்துக்கொண்டே போனேன். பதிலுக்கு எனக்குத் தெரிந்த சித்தூர் இங்கிலீஷை எழுதிக் கொடுத்தேன். டூ ஒன் திங் என்றால் ஒரு வேலை சொல்லப்போகிறார். அவுட் ஆஃப் ஸ்டேஷன் என்றால் ரயில் நிலையத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஊரில் இல்லை. குட் நேம் என்றால் பெயர், கெட்ட பெயர் என்று ஒன்று தனியாக இல்லை. நான் அடித்த வரிகளை அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது என் சித்தி வாங்கிக் கொடுத்த புத்தகம், பைக்கே," என்றாள். நான் பேனாவை மூடி வைத்தேன்.

இன்னொரு பழக்கமும் அந்த மாசத்தில் வந்துவிட்டது. திருப்பதியில் ரஷ்யன் யாருக்குப் புரியும்? சாம்பாரில் உப்பு அதிகம், அந்த மேசைக்காரர் மூன்றாவது முறை ரசம் கேட்கிறார், முதலாளி பொய் சொல்கிறார் என்று எல்லாவற்றையும் எல்லார் முகத்துக்கு நேராகவே ரஷ்யனில் பேசிக்கொள்வோம். கதவைச் சாத்திவிட்டுப் பேசுவதுபோல் இருந்தது.

இன்டர்வியூ ஒரு வெள்ளிக்கிழமை. அவனுக்குக் கோச்சிங்கில் மாதிரிப் பரீட்சை, வர முடியவில்லை. குழந்தையைச் சர்வரிடம் விட்டுவிட்டு நான்தான் கூடப் போனேன். பஸ்ஸில் அவள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். காணிப்பாக்கம் திருப்பம் தாண்டும்போது ஒரு கேள்வி கேட்டாள்.

"கிடைக்கலைன்னா அடுத்த மாசமே டிக்கெட் போடணும்னு மாமனார் சொல்றார். அங்கே போய்க் குழந்தைக்கு என்ன சொல்றது?"

 கைப்பிடியைப் பிடித்துக்கொள் என்றேன்.

கிரானைட் முதலாளிக்கு ஐம்பது வயதிருக்கும், தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். அவளிடம் இங்கிலீஷில் மூன்று கேள்வி கேட்டார். எங்கள் நோட்டில் இருந்த ஒரு வாலும் அதில் வரவில்லை. பிறகு என்னையும் என் தாடியையும் பார்த்தார்.

"நூவ் எவரப்பா?"

"இந்தம்மாவுக்கு ரஷ்யன்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தவன் சார். மெஸ்ல சமையல்."

"வன்ட்ட மாஸ்டரா!" என்று சிரித்தார். "சரி, டூ ஒன் திங். கல் வாங்கற பார்ட்டி இப்போ வீடியோல வர்றான். யார்டுக்கு வாங்க. அவன் கேக்கறதை மேஸ்திரிகிட்ட சொல்லு, மேஸ்திரி சொல்றதை அவன்கிட்ட சொல்லு. அதான் இன்டர்வியூ."

டூ ஒன் திங் காதில் விழுந்ததும் அவள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அதற்குப் பிறகு வெகுநேரத்துக்கு அவள் சிரிக்கவில்லை.

யார்டில் ஐந்து கறுப்புக் கற்கள், ஒவ்வொன்றும் லாரி முன்பாகம் அளவு, மேலே வெள்ளைப் பெயின்டில் நம்பர். முதலாளி அவள் கையில் கொடுத்த போனில், வழுக்கைத் தலையோடு தடித்த கோட்டுப் போட்ட ஒருவர் எதையோ மென்றுகொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றச் சொன்னார். மேஸ்திரி ஹோஸைப் பிடித்து அடித்தார்.

கறுப்புக் கல்லில் தண்ணீர் பட்டால் எல்லாமே கண்ணாடிதான். பார்க்க வேண்டியது அதற்குப் பிறகு. வெயிலில் கல் காயும். உள்ளே முடி போல விரிசல் இருந்தால் அந்த இடம் மட்டும் தண்ணீரை விடாது. எல்லாம் வெளுத்த பிறகும் ஒரு கறுப்பு நூல் நிற்கும். குவாரியில் கல் பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். பீடி முடிவதற்குள் அடுத்த கல்லுக்கு இழுத்துப்போவது மேஸ்திரியின் சாமர்த்தியம்.

இந்த மேஸ்திரியும் அப்படித்தான். மூன்று கல் ஓடியது. நாலாவது கல்லில் அவள் நகரவில்லை. போனில் இருந்தவர் காயட்டும் என்று சொல்லியிருந்தார், அவள் அப்படியே நின்றாள். கல் வெளுத்தது. நடுவில் சாய்வாக ஒரு நூல் மட்டும் ஈரமாகவே இருந்தது.

"வாட்டர் மார்க்கு மேடம். கல்லோட கலரே அது," என்றார் மேஸ்திரி. "ஃபர்ஸ்ட் குவாலிட்டின்னு சொல்லு. ரா, அடுத்ததுக்குப் போலாம்."

அவள் என் பக்கம் திரும்பி ரஷ்யனில் கேட்டாள்.

"பைக்கே, இது விரிசல்தானே?"

"விரிசல்தான்," என்றேன் நானும் ரஷ்யனில். "ஆனா உனக்கு வேலை வேணும்னா தண்ணிக் கறைன்னு சொல்லிட்டுப் போ. கல் அவங்களுது, பொய்யும் அவங்களுது."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் கையில் இருந்த போனைப் பார்த்தேன். அதில் இருந்தவர் மெல்லுவதை நிறுத்தியிருந்தார். ஒரு மாசம் கதவைச் சாத்திக்கொண்டு பேசிய பாஷையை, அது தாய்மொழியாக இருக்கிற ஒருவரின் முகத்துக்கு நேராகப் பேசியிருக்கிறேன்.

"அந்தத் தாடிக்காரன் யார்?" என்றது போன். "இப்படிக் காட்டு."

 அவள் போனை என் பக்கம் திருப்பவில்லை, தன் பக்கமே வைத்துக்கொண்டாள்.

"எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர். எனக்காகப் பயந்து சொன்னார். நாலாவது கல்லில் விரிசல் இருக்கு. மேலிருந்து கீழ் வரைக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நீங்க இதைக் கல்லறைக்குத்தானே வாங்கறீங்க? எங்கப்பா கல்லும் இதே மாதிரி கறுப்பு. அதில் அவர் முகத்தைச் செதுக்கியிருக்கோம். இந்தக் கல்லில் முகம் வந்தா குறுக்கே கோடு போகும்."

அந்த நாடுகளில் அதுதான் வழக்கம். இறந்தவரின் போட்டோவைப் பார்த்துக் கறுப்புக் கல்லில் ஊசியால் முகம் எழுப்புவார்கள். நான் அங்கே கல்லறைகளைக் கடந்து மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறேன்; எல்லாரும் நம்மையே பார்ப்பார்கள்.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். மேஸ்திரியின் முகமும் போனில் இருந்தவரின் முகமும் அவருக்குப் போதுமானதாக இருந்தன.

"ஏமாயிந்தி? என்ன சொன்னா இந்தம்மா?"

அவள் இங்கிலீஷில் ஆரம்பித்தாள், வார்த்தை வரவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிய வழியில்லை. நான் சொன்னதையும் அவள் சொன்னதையும் அப்படியே தமிழில் சொன்னேன். கல்லறையையும் விடவில்லை.

"என் கல்லுக்குப் பொய் சொல்லச் சொல்ல நீ எவன்டா?" என்றார் என்னிடம். நியாயமான கேள்வி. மேஸ்திரி ஹோஸைச் சுருட்ட ஆரம்பித்தார்.

போனில் இருந்தவர் அவளிடம் மறுபடியும் எல்லாக் கல்லையும் முதலிலிருந்து நனைக்கச் சொன்னார். இந்த முறை யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொன்றாக நனைத்து, காய்ந்து, பார்த்து, முக்கால் மணி நேரம் ஆனது. நிழல் கிடையாது. அவள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு போனைப் பிடித்துக்கொண்டே நின்றாள். இரண்டாவது கல்லிலும் ஓரத்தில் ஒரு நூல் நின்றது. அதையும் சொன்னாள். ஐந்தில் மூன்றை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

ஆபீஸுக்கு வெளியே பெஞ்சில் எங்களை உட்காரச் சொன்னார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"ரெண்டு கல்லைக் கெடுத்துட்டேன்," என்றாள். "திரும்பி வரச் சொல்லவா போறார்? டிக்கெட் போட வேண்டியதுதான்."

ஒரு மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். முதலாளி மேசையில் இருந்த போனை அவள் பக்கம் தள்ளினார். ரஷ்யனில் ஒரு மெசேஜ் வந்திருந்தது.

"சதுவு. படிச்சுச் சொல்லு. நீ இல்ல, வன்ட்ட மாஸ்டர். அவ தன்னைப் பத்தித் தானே எப்படி சொல்லுவா?"

நான் படித்தேன். அடுத்த முறை கல் பார்க்கும்போதும் இதே பெண் போனைப் பிடிக்க வேண்டும், தாடிக்காரன் பக்கத்தில் வேண்டாம் என்று இருந்தது. இரண்டாவது பாதியையும் விடாமல் சொன்னேன்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "போன வருஷம் இருந்தவன் எல்லாத்துக்கும் எஸ் எஸ்ஸுன்னான். கன்டெய்னர் அங்க போய் எறங்கின பிறகு சண்டை. முன்னாடி தெரிஞ்சா கல்லு போவுது. பின்னாடி தெரிஞ்சா பார்ட்டியே போயிடறான்." பிறகு அவளிடம் இங்கிலீஷில், திங்கட்கிழமை வந்து சேர் என்றார்.

அவள் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. என்னிடம் ரஷ்யனில் குசுகுசுவென்று சொன்னாள். முதலாளி கையைத் தூக்கினார்.

"இனிமே என் எதிர்ல அந்த பாஷையில ரகசியம் வேண்டாம். என்னவாம்?"

"சார், அவங்க ஊர்ல திங்கக்கிழமை எந்த நல்ல காரியமும் ஆரம்பிக்க மாட்டாங்க. பாரமான நாளாம்."

வேலையே போய்விட்டது என்று நான் நினைத்தேன். அவர் நிதானமாகக் காலண்டரைப் பார்த்தார்.

"அப்போ செவ்வாய்?" என்று கேட்டவர், தானே தலையை ஆட்டினார். "சீச்சீ, மங்களவாரம். செவ்வாக்கெழமை நான் யாரையும் சேக்கறதில்ல."

"புதன் சார்," என்றேன். "பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காதும்பாங்க எங்க ஜனங்க."

"எல்லா ஊர்லயும் ஒவ்வொரு நாளைக் கழிச்சா எப்போப்பா வேலை செய்யறது?" என்றார் முதலாளி. ஆனால் காலண்டரில் புதன்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டார்.

இப்போது அவர்கள் சித்தூரில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறார்கள். அவன் மூன்றாவது முறையும் வரவில்லை. நாலாவதுக்குப் படிக்கிறான், துபாய்ப் பேச்சு யாரும் எடுப்பதில்லை. மாமனார் மாம்பழ சீசனில் கூடையோடு வந்து, மூன்று நாள் தங்கி, மருமகள் வடித்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனாராம். மெஸ்ஸை விட்டு நான் கிளம்பி நாலு மாசம் ஆகிறது, பலமனேரில் இருக்கிறேன். போன வாரம் போன் செய்தாள். குழந்தையைச் சித்தூரிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்களாம்.